கேமரா உங்களுடையது, பாஸ்வேர்ட் யாருடையது?

கேள்வி: ஊரில் தனியாக இருக்கும் அம்மாவைக் கவனித்துக்கொள்ள வாசலில் ஒன்று, ஹாலில் ஒன்று என இரண்டு வைஃபை கேமரா போட்டேன். மாட்டிக் கொடுத்தவர் தன் போனில் ஆப்பைத் திறந்து பதிவு செய்துவிட்டு, எனக்கு 'ஷேர்' அனுப்பினார். கோளாறு வந்தால் தன் இடத்திலிருந்தே பார்த்துச் சரிசெய்யலாம் என்றார். அப்போது வசதியாகத்தான் தெரிந்தது, இப்போது உறுத்துகிறது. அவர் பார்ப்பாரா? வேறு நல்ல கேமராவாக மாற்றிவிடட்டுமா?
(வாசகர், திருப்பூர்)

பதில்: பார்ப்பாரா என்பது அவர் குணத்தைப் பொறுத்தது. பார்க்க முடியுமா என்றால், தாராளமாக முடியும். இந்த மாதிரி ஆப்களில் முதலில் எந்தக் கணக்கில் கேமரா பதிவானதோ அந்தக் கணக்குதான் சொந்தக்காரர். ஷேர் வாங்கியவர் வெறும் பார்வையாளர். யாரைச் சேர்ப்பது, யாரை நீக்குவது எதுவும் உங்கள் கையில் இல்லை, அவர் நினைத்தால் உங்களையே நீக்கிவிடலாம். வீட்டுக்குக் காசு கொடுத்தது நீங்கள், பத்திரம் கொத்தனார் பெயரில் என்ற கதைதான். அவர் கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்று சொல்ல வரவில்லை. ஐம்பது வீட்டுக்கு மாட்டுகிறவருக்கு எல்லாம் ஒரே ஆப்பில் இருந்தால் வேலை சுலபம். ஆனால் அவர் போன் தொலைந்தால், அல்லது அவர் பாஸ்வேர்ட் திருடுபோனால், ஐம்பது வீட்டு ஹாலும் சேர்ந்தல்லவா போகும்!

முதல் வேலையாக அவரிடம் நயமாகப் பேசி, அவர் கணக்கிலிருந்து கேமராவை நீக்கச் சொல்லுங்கள். சண்டை போட்டுவிட்டுக் கேட்டால் போனையே எடுக்க மாட்டார், அப்புறம் சிக்கல், ஏனென்றால் சில கம்பெனி கேமராக்கள் ரீசெட் பட்டனை அழுத்தினாலும் பழைய கணக்கை விடுவதில்லை. பழைய சொந்தக்காரர் விடுவிக்க வேண்டும், இல்லையென்றால் பில்லை வைத்துக்கொண்டு கம்பெனியிடம் மன்றாட வேண்டும். அவர் நீக்கியதும் ரீசெட் செய்து, உங்கள் சொந்த மின்னஞ்சலில் புதிதாகப் பதிவு செய்யுங்கள். வேறு எங்கும் பயன்படுத்தாத பாஸ்வேர்ட் வையுங்கள். இரண்டு கட்ட உறுதிப்படுத்தல், அதாவது பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீடும் கேட்கும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். கேமராவை இணைக்க அம்மா வீட்டு வைஃபை பாஸ்வேர்டையும் அவரிடம் கொடுத்திருப்பீர்கள், அதையும் மாற்றுங்கள்.

கேமராவை மாற்ற வேண்டுமா என்றால், அவசரப்பட வேண்டாம். விலை கூடினால் பாதுகாப்பு கூடும் என்று நினைக்கிறோம், அனுபவம் அப்படிச் சொல்லவில்லை. அமேசானுக்குச் சொந்தமான ரிங் கம்பெனியில் ஒரு ஊழியர் பெண் வாடிக்கையாளர்களின் ஆயிரக்கணக்கான வீடியோக்களைப் பார்த்திருக்கிறார் என்று அமெரிக்க வர்த்தக ஆணையமே 2023-இல் குற்றம்சாட்டியது. 58 லட்சம் டாலர் கொடுத்து அந்த வழக்கு முடிந்தது. 2024 பிப்ரவரியில் வைஸ் என்ற கம்பெனியில் ஒரு கோளாறு, சுமார் 13,000 பேருக்கு அடுத்தவர் வீட்டுக் கேமராப் படங்கள் அவர்கள் ஆப்பில் வந்து நின்றன. இதெல்லாம் நம் கையில் இல்லாத ஆபத்து.

நம் கையில் இருப்பது பாஸ்வேர்ட். 2016-இல் மிராய் என்று ஒரு வைரஸ் உலகம் முழுக்க லட்சக்கணக்கான கேமராக்களையும், வீடியோவைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டிகளையும் பிடித்தது. அந்த அக்டோபர் 21-ஆம் தேதி ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் அமெரிக்காவில் பல மணி நேரம் திணறியது இவற்றை ஏவிவிட்டுச் செய்த தாக்குதலால்தான். அது பெரிய வித்தை ஒன்றும் செய்யவில்லை. கம்பெனி போட்டுத் தரும் பெயர், பாஸ்வேர்ட் ஜோடிகள் அறுபது சொச்சத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கதவாகத் தட்டியது, அவ்வளவுதான். எங்கள் குடியிருப்பில் ஒருமுறை சைக்கிள் காணாமல் போய் டிவிஆரைப் பார்க்கப் போனால், பாஸ்வேர்ட் ஒன்றிலிருந்து ஐந்து வரை, அதையும் மறந்துவிடக் கூடாது என்று பெட்டி மேலேயே மார்க்கரில் எழுதி வைத்திருந்தார்கள். சைக்கிள் கிடைக்கவில்லை.

இனி புதிதாக வாங்குகிறவர்களுக்கு: 2024 ஏப்ரலில் மத்திய மின்னணு அமைச்சகம் கொண்டுவந்த விதி 2025 ஏப்ரல் 9 முதல் அமலில் இருக்கிறது. இங்கே விற்கும் சிசிடிவி கேமரா பாதுகாப்புச் சோதனையில் தேறியிருக்க வேண்டும். பெட்டியில் 'ஆர்' என்று தொடங்கும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் இருக்கும், பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டால் யார் பெயரில் எந்தப் பொருளுக்குப் பதிவானது என்று காட்டும். கடைக்காரரிடம் இதைக் கேட்டால் முதலில் முறைப்பார், பரவாயில்லை. ஆப்புக்கு அப்டேட் வருகிறதா, வீடியோ மெமரி கார்டில் மட்டும் நிற்குமா, கம்பெனி சர்வருக்கும் போகுமா என்பதையும் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. அம்மாவிடம் கேட்டுத்தான் ஹாலில் கேமரா வைத்தீர்களா? நம் வீடுகளில் வயதானவர்கள் படுப்பது, புடவை மாற்றுவது எல்லாம் ஹாலில்தான் நடக்கிறது. வாசல் கேமரா இருக்கட்டும். உள்ளே இருப்பதைக் கதவுப் பக்கம் திருப்பி வைத்து, மைக்கை அணைத்துவிடுங்கள். அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம் உங்களைப் பற்றி என்ன பேசுகிறார் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

கேள்வி: போக்குவரத்து அபராதம் என்று வாட்ஸப்பில் ஒரு ஃபைல் வந்தது. திறந்து இன்ஸ்டால் செய்தேன். அரை மணி நேரத்தில் கணக்கிலிருந்து 48,000 ரூபாய் போய்விட்டது. நான் ஓடிபி யாரிடமும் சொல்லவில்லை. வங்கியில் கேட்டால் 'உங்கள் தவறு' என்கிறார்கள்.
(வாசகி, மதுரை)

பதில்: நீங்கள் சொல்லத் தேவையே இல்லை, அந்த ஃபைல்தான் சொன்னது. அது ஏபிகே, அதாவது ஒரு ஆப். எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டிருக்கும், நீங்களும் கொடுத்திருப்பீர்கள், ஓடிபி நேராக அங்கே போயிருக்கும். கல்யாணப் பத்திரிகை என்றும் இதே சங்கதி வருகிறது. உண்மையான அபராதம் அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் தெரியும், யாரும் ஆப்பாக அனுப்ப மாட்டார்கள்.

சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிட்டீர்களா? இல்லையென்றால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு வேறு போனிலிருந்து இப்போதே கூப்பிடுங்கள். பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் முடக்கினால்தான் திரும்ப வாய்ப்பு. அந்தப் போனில் இணையத்தை அணைத்து, தேவையான படங்களை எடுத்துக்கொண்டு, முழுதாக ரீசெட் செய்யுங்கள்.

வங்கி விஷயத்தில் ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் கொண்டுவந்த விதியைப் பாருங்கள். தவறு வங்கியுடையதும் இல்லை, உங்களுடையதும் இல்லை என்றால், 3 வேலை நாளுக்குள் புகார் கொடுத்தவருக்கு நஷ்டமில்லை. அலட்சியம் உங்களுடையது என்றால் புகார் கொடுக்கும் வரை போனது உங்கள் தலையில், புகாருக்குப் பிறகு போனது வங்கியின் தலையில். நீங்களே இன்ஸ்டால் செய்ததால் உங்கள் பக்கம் கொஞ்சம் பலவீனம்தான், மறைக்க விரும்பவில்லை. ஆனால் தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பு வங்கிக்குத்தான், வாயால் சொன்னால் போதாது. எழுத்தில் புகார் கொடுத்து ரசீது எண் வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம், கட்டணம் கிடையாது.

கேள்வி: ஜவுளிக்கடையில் போன் நம்பர் சொன்னால்தான் பில் போடுவேன் என்கிறார்கள். கொடுத்தே ஆக வேண்டுமா?
(வாசகர், கோவை)

பதில்: வேண்டாம். நம்பர் தராததற்காகப் பொருளையோ பில்லையோ மறுக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் துறை 2023 மே மாதமே கடைகளுக்கு அறிவுறுத்திவிட்டது. 'நம்பர் இல்லை, பில் போடுங்க' என்று சொல்லிவிட்டு நில்லுங்கள். பெரும்பாலும் பில் போடுகிறவர் தன் கடை நம்பரையே தட்டிப் பில்லைக் கொடுத்துவிடுவார். மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915.