மூலிகைதானே, என்ன பண்ணிடப் போகுது? – வாசகர் கேள்வி பதில்

மூலிகை மாத்திரை, பொடி, சப்ளிமென்ட் பத்தி என்ன சந்தேகம் இருந்தாலும் எழுதுங்கன்னு போன இதழ்ல கேட்டிருந்தோம். வந்த கடிதங்கள்ல நிறைய பேர் கடைசில ஒரே வரியை எழுதியிருக்காங்க, "இதை டாக்டர்கிட்ட சொல்லலை"ன்னு. அந்தக் கடிதங்களைத்தான் முதல்ல எடுத்துக்கறேன்.

கேள்வி: அம்மாவுக்கு இதய வால்வு மாத்தினதுல இருந்து வார்ஃபரின் மாத்திரை போயிட்டிருக்கு. கொழுப்புக்கு நல்லதுன்னு யாரோ சொல்லி பூண்டு கேப்சூலும் ஜின்கோ மாத்திரையும் சேர்த்து எடுக்கறாங்க. இப்ப லேசா இடிச்சுக்கிட்டாலே கையில நீலமா கன்னிப்போகுது. இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்குமா?

சம்பந்தம் இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு சகோதரி, இந்தப் பதிலைப் படிச்சதும் முதல் வேலையா டாக்டருக்கு போன் போட்டு ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாக்கற ஐஎன்ஆர் டெஸ்ட் எப்ப எடுக்கலாம்னு கேளுங்க. வார்ஃபரின் ரொம்ப சின்ன எல்லைக்குள்ள வேலை செய்யற மருந்து, அளவு கொஞ்சம் இறங்கினா வால்வுல ரத்தம் உறையும், கொஞ்சம் ஏறினா வயித்துலயோ மூளையிலயோ ரத்தக்கசிவு வரும், அதனாலதான் அடிக்கடி ரத்தம் எடுத்துப் பாத்துப் பாத்து டோஸ் மாத்தறாங்க. பூண்டு கேப்சூல், ஜின்கோ ரெண்டுமே ரத்தத் தட்டணுக்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டறதைத் தடுக்கக்கூடியவை. வார்ஃபரின் ஒரு பக்கம் ரத்தம் உறையறதைக் குறைக்குது, இது இன்னொரு பக்கம் குறைக்குது, ரெண்டும் சேர்ந்தா என்ன ஆகும்னு ஐஎன்ஆர் நம்பர்ல கூட முழுசா தெரியாது. சமையல்ல போடற பூண்டைப் பத்தி நான் சொல்லலை, அது வழக்கமான அளவுல இருக்கட்டும்.

கேப்சூலையும் ஜின்கோவையும் நிறுத்தினா போதும், வார்ஃபரினை நீங்களா நிறுத்திடாதீங்க, அது இன்னும் பெரிய ஆபத்து. மலம் கறுப்பா போறது, திடீர்னு கடுமையான தலைவலி, கீழே விழுந்து தலையில அடிபடறது, இதுல எது நடந்தாலும் நேரா எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டுப் போங்க. பல் பிடுங்கறதோ ஆபரேஷனோ வந்தா இந்த மாதிரி சப்ளிமென்ட்டை ரெண்டு வாரம் முன்னாடியே நிறுத்தச் சொல்லுவாங்க, அதுக்கு நீங்க எடுக்கறது அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்.

இதுக்கு நேர் எதிரா மருந்தோட வேலையையே கெடுக்கற மூலிகையும் இருக்கு. செயின்ட் ஜான்ஸ் வோர்ட்னு ஒண்ணு, மனச்சோர்வுக்கு எடுப்பாங்க. அது கல்லீரல்ல மருந்தை உடைக்கற என்சைமை முடுக்கிவிட்டுடும், அதனால நம்ம மாத்திரை வேலை செய்யறதுக்கு முன்னாடியே உடைஞ்சு வெளிய போயிடும். ஸ்விட்சர்லாந்து சூரிச்ல இதய மாற்று ஆபரேஷன் பண்ணின ரெண்டு பேர் இதை எடுத்ததுல புது உறுப்பை உடம்பு நிராகரிக்காம இருக்கக் குடுக்கற சைக்ளோஸ்போரின் மருந்தோட அளவு ரத்தத்துல விழுந்து, புது இதயத்தை உடம்பு நிராகரிக்க ஆரம்பிச்சிருச்சு, 2000-ல இது மருத்துவ இதழ்லயே வந்துச்சு. கருத்தடை மாத்திரை, எச்ஐவி மருந்து, வார்ஃபரின் எல்லாத்தையும் இது இப்படித்தான் பலவீனமாக்கும்.

கேள்வி: மூட்டு வலிக்கு ஒருத்தர் குடுத்த மூலிகைப் பொடியை ஆறு மாசமா சாப்பிடறேன். ரெண்டே நாள்ல வலி போச்சு, அவ்வளவு நல்ல மருந்து. ஆனா முகம் உருண்டையா ஊதிப்போச்சு, பசி அடங்கவே மாட்டேங்குது, புதுசா சுகர் வந்திருக்கு. நிறுத்திடலாமா?

ஐயா, நிறுத்தாதீங்க. அதாவது இன்னைக்கே, நீங்களா, ஒரேயடியா நிறுத்தாதீங்க. ஏன்னு சொல்றேன்.

மூலிகை எதுவும் ரெண்டு நாள்ல மூட்டு வலியை இப்படித் துடைச்செடுக்காது. நீங்க எழுதின மூணு விஷயமும், ஊதின முகம், அடங்காத பசி, திடீர் சுகர், சேர்த்துப் பாத்தா பொடியில ஸ்டீராய்டு கலந்திருக்குன்னு எனக்கு பலமா சந்தேகம். டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோலோன் மாதிரி மாத்திரையை அரைச்சுக் கலக்கறது பல நாடுகள்ல திரும்பத் திரும்பப் பிடிபட்ட விஷயம். வெளியில இருந்து ஸ்டீராய்டு மாசக்கணக்கா வந்துட்டே இருந்தா சிறுநீரகத்து மேல உக்காந்திருக்கற அட்ரினல் சுரப்பி தன்னோட ஸ்டீராய்டைச் சுரக்கறதையே விட்டுடும். அந்த நிலைமையில பொடியைச் சட்டுனு நிறுத்தினா உடம்புல ரெண்டுமே இருக்காது. வாந்தி, பயங்கர அசதி, பிபி விழுந்து மயக்கம், கவனிக்காம விட்டா உயிருக்கே ஆபத்து. இதோட கொடுமை என்னன்னா வாங்கிச் சாப்பிட்டவருக்கு தான் ஸ்டீராய்டு எடுக்கறதே தெரியாது, மயக்கமா வந்து விழுந்தா டாக்டர் "என்ன மருந்து சாப்பிடறீங்க"ன்னு கேப்பாரு, வீட்டுல இருக்கறவங்க "ஒண்ணும் இல்ல சார்"னு சொல்லுவாங்க.

அதனால பொடியைக் கையோட எடுத்துக்கிட்டு நாளைக்கே ஒரு பொது மருத்துவரையோ ஹார்மோன் பாக்கற எண்டோகிரைன் டாக்டரையோ பாருங்க. ஆறு மாசமா எடுக்கறேன், ஸ்டீராய்டு இருக்கும்னு சந்தேகம், இந்த ரெண்டையும் வாயைத் திறந்து சொல்லுங்க. உடம்பு தானா சுரக்கற ஸ்டீராய்டான கார்ட்டிசாலை டெஸ்ட் பாத்துட்டு, தேவைப்பட்டா அளவு தெரிஞ்ச ஸ்டீராய்டு மாத்திரையைக் குடுத்து மெதுவா குறைச்சுக் கொண்டு வருவாங்க. எலும்பு, கண், பிபி எல்லாம் பாக்கச் சொல்லுவாங்க, சலிச்சுக்காதீங்க. பொடி குடுத்தவர்கிட்ட போய்க் கேட்டா "அது சுத்தமான மூலிகை"ன்னுதான் சொல்லுவாரு, ஒருவேளை அவருக்கே தெரியாமக்கூட இருக்கலாம், அந்தப் பேச்சுல நேரத்தை விடாதீங்க.

மூட்டு வலிப் பொடியில மட்டும் இது இல்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2007-ல இருந்து 2016 வரைக்கும் பிடிச்ச கலப்பட சப்ளிமென்ட் 776. அதுல பெரும்பாலானது ஆண்மைக்கு, உடம்பு இளைக்கறதுக்கு, தசை ஏத்தறதுக்குன்னு வித்தது. ஆண்மை மாத்திரையில வயாகராவுல இருக்கற சில்டெனஃபில் இருந்துச்சு, நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை போடறவர் அதைத் தெரியாம சாப்பிட்டா பிபி அதல பாதாளத்துக்குப் போயிடும். இளைக்கற மாத்திரையில சிபுட்ரமின், மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதுன்னு 2010-லயே சந்தையை விட்டு எடுத்த மருந்து.

கேள்வி: மஞ்சள் கேப்சூல்ல என்ன கெடுதல் இருக்க முடியும்? சமையல்ல தினமும் போடறதுதானே. ரத்த டெஸ்ட்ல எஸ்ஜிபிடிங்கற கல்லீரல் என்சைம் 600 காட்டுது, எனக்குக் குடிப்பழக்கமே கிடையாது.

தம்பி, லேபிளைத் திருப்பிப் பாருங்க, மஞ்சள்னு போட்டிருக்காதுங்க, குர்குமின் எக்ஸ்ட்ராக்ட்னு போட்டிருக்கும், பக்கத்துலயே பைப்பரின்னு ஒண்ணு இருக்கும். சாதா மஞ்சள்ல குர்குமின் நூத்துக்கு நாலஞ்சு பங்குகூட சில சமயம் தேறாது, எக்ஸ்ட்ராக்ட்ல 95 சதவீதம் வரைக்கும் இருக்கும். அதுவும் குடல்ல சரியா உறிஞ்சாம வெளிய போறதால, உறிஞ்ச வைக்கணும்னே மிளகுல இருக்கற பைப்பரினைச் சேர்க்கறாங்க. சமையல்ல உடம்புக்குள்ள போகாத அளவு குர்குமின் இப்ப கல்லீரலுக்கு நேரா போகுது. இதால கல்லீரல் பாதிச்சவங்க இத்தாலியிலயும் அமெரிக்காவுலயும் பதிவாகியிருக்காங்க, எச்எல்ஏ-பி 35:01-ங்கற மரபணு வகை இருக்கறவங்களுக்கு ரிஸ்க் அதிகம்னு தெரிய வந்திருக்கு. கிரீன் டீ எக்ஸ்ட்ராக்ட்டுக்கும் இதே மரபணுதான் தொடர்பு. கிரீன் டீல இருக்கற ஈஜிசிஜிங்கற பொருள் தினமும் 800 மில்லிகிராமும் அதுக்கு மேலயும் போனா கல்லீரல் என்சைம் ஏறுதுன்னு 2018-ல ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொன்னது கேப்சூலை வெச்சுத்தான்.

கேப்சூலை இன்னைக்கே நிறுத்துங்க. பெரும்பாலானவங்களுக்கு நிறுத்தினாலே வாரக்கணக்குல, சிலருக்கு மாசக்கணக்குல என்சைம் இறங்கிடுது. ஆனா 600-ங்கறதை "இறங்கிடும்"னு விட்டுட்டு உக்காரக்கூடாது, டாக்டரைப் பாத்து பிலிருபினும் ஐஎன்ஆரும் எடுங்க, ஹெபடைடிஸ் ஏ, பி, சி, ஈ இல்லைன்னு உறுதிப்படுத்துங்க. கண் மஞ்சளாச்சு, மூத்திரம் அடர்த்தியா போகுது, பேச்சு குழறுது, தூக்கம் தலைகீழா மாறுதுன்னா அட்மிட் ஆகணும். கூட அஸ்வகந்தா, சீந்தில் ஏதாவது எடுக்கறீங்களான்னு எழுதலை, எடுத்தா அதையும் விடுங்க. சீந்தில் எடுத்த ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிச்சதை 2021-ல மும்பை டாக்டர்கள் வெளியிட்டாங்க. அஸ்வகந்தாவை டென்மார்க் 2023-ல தடையே பண்ணிடுச்சு. இதையெல்லாம் சாப்பிடற எல்லாருக்கும் இப்படி ஆகறதில்லைதான், ஆனா யாருக்கு ஆகும்னு முன்கூட்டியே சொல்ல வழி இல்லையே.

கேள்வி: ஆயிரம் வருஷமா சாப்பிட்டு வர்ற மூலிகைகளை நேத்து வந்த ஆராய்ச்சியை வெச்சுக் குறை சொல்றது நியாயமா?

கோபமா கேட்டிருக்கீங்க, கேள்வி நல்ல கேள்வி. மூலிகைல சக்தி இல்லைன்னு நான் என்னைக்கும் சொன்னதில்லை. இதயத்துக்குக் குடுக்கற டிஜாக்ஸின் ஒரு செடியில இருந்து வந்தது, மலேரியா மருந்து ஆர்ட்டிமிசினின் சீன மூலிகையில இருந்து வந்து 2015-ல நோபல் பரிசே வாங்கிக் குடுத்துச்சு. சக்தி இருக்கறதாலதான் பயப்படறேன்.

ஆயிரம் வருஷ அனுபவத்துக்கு ஒண்ணு நல்லா தெரியும், சாப்பிட்ட உடனே வாந்தி வந்தா, மயக்கம் வந்தா அந்த இலையை ஒதுக்கிடுவாங்க. ஆனா இன்னைக்குச் சாப்பிட்டு அஞ்சு வருஷம், பத்து வருஷம் கழிச்சு வர்ற வியாதியை அந்தச் செடியோட முடிச்சுப் போட அனுபவத்தால முடியாது. இதுக்கு பிரஸ்ஸல்ஸ்ல நடந்ததைப் படிச்சாலே போதும். 1990-களோட ஆரம்பத்துல அங்க ஒரு எடைகுறைப்பு கிளினிக்ல சீன மூலிகை கலந்த மாத்திரை குடுத்தாங்க. சேக்க வேண்டிய மூலிகை வேற, பேர் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருந்ததால அதுக்குப் பதிலா அரிஸ்டலோக்கியா செடி வந்து சேர்ந்துடுச்சு. வயசுல சின்னப் பொண்ணுங்களுக்கெல்லாம் திடீர்னு சிறுநீரகம் சுருங்கிப் போக ஆரம்பிச்சது, 1993-ல டாக்டர்கள் காரணத்தைக் கண்டுபிடிச்சு எழுதினாங்க, மொத்தம் நூறு பேர் கிட்ட பாதிப்பு. அதோட விடலை, வருஷங்கள் கழிச்சு அவங்கள்ல பலருக்கு சிறுநீர்ப் பாதையில கேன்சர் வந்துச்சு. அந்தச் செடியில இருக்கற அரிஸ்டலோக்கிக் அமிலம் இப்ப உறுதியான புற்றுநோய்க் காரணிங்கற பட்டியல்ல இருக்கு.

நம்ம ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலி ரெண்டும் இதே அரிஸ்டலோக்கியா குடும்பம்தாங்க. உள்ளுக்குச் சாப்பிடற பொடியிலயோ கஷாயத்துலயோ இந்தப் பேரைப் பாத்தா எடுத்துக்காதீங்க, ஏற்கெனவே ரொம்ப நாள் எடுத்திருந்தா சிறுநீரகம் எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற கிரியேட்டினின், யூரின் டெஸ்ட் எடுத்துட்டு எந்த வருஷம், எவ்வளவு காலம்ங்கறதை டாக்டர்கிட்ட சொல்லி வைங்க.

கேள்வி: கர்ப்பமா இருக்கேன். உடம்பு தேறணும்னு ஆன்லைன்ல ஒரு பஸ்பம் கலந்த லேகியம் வாங்கி எடுக்கறேன், எடுக்கலாமா?

வேண்டாம்மா, இன்னைக்கே நிறுத்திடுங்க. இணையத்துல விக்கற 193 ஆயுர்வேதப் பொருள்களை வாங்கிச் சோதிச்ச ஒரு ஆய்வு 2008-ல வந்துச்சு, அஞ்சுல ஒண்ணுல ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்துச்சு, உலோகம் சேர்த்துச் செய்யற வகையில இன்னும் அதிகம். ஈயம் தொப்புள்கொடி வழியா குழந்தைக்குப் போகும், வளர்ற மூளையைத்தான் முதல்ல பாதிக்கும். ரத்தத்துல ஈயம் பாக்கற டெஸ்ட் சாதாரணமானது, மகப்பேறு டாக்டர்கிட்ட கேட்டு எடுத்துடுங்க. ரிசல்ட் எப்படி இருந்தாலும் தெரிஞ்சுக்கறது நல்லது.

கேள்வி: எட்டு மாசக் குழந்தைக்கு இருமல். தேன் குடுக்கலாமா? வேப்பெண்ணெய் ரெண்டு சொட்டு?

ரெண்டும் கூடாது. ஒரு வயசு முடியற வரைக்கும் தேன் நாக்குல தடவக்கூட வேண்டாம், அதுல இருக்கக்கூடிய கிருமி விதை குழந்தை குடல்ல முளைச்சு நச்சு சுரந்து தசையெல்லாம் தொய்ஞ்சு போற பொட்டுலிசம் வரலாம். வேப்பெண்ணெய் உள்ளுக்குப் போன குழந்தைகளுக்கு வலிப்பும் மூளை வீக்கமும் கல்லீரல் பாதிப்பும் வந்தது 1980-கள்ல இருந்தே பதிவாகியிருக்கு. குழந்தை மூச்சு வேகமா வாங்குதா, பால் குடிக்க மறுக்குதான்னு பாருங்க, அப்படின்னா உடனே டாக்டர்.

கேள்வி: சுகருக்கு மெட்ஃபார்மினை நிறுத்திட்டு பாகற்காய் ஜூஸ் மட்டும் குடிக்கலாமா?

மாத்திரையை நிறுத்தாதீங்க. மெட்ஃபார்மினே ஒரு மூலிகைச் செடியைப் பாத்து உருவாக்கின மருந்துதான், அளவு தெரிஞ்சு குடுக்கறாங்க அவ்வளவுதான் வித்தியாசம். மாத்திரையோட பாகற்காய் ஜூஸும் நிறைய குடிச்சா சுகர் ரொம்ப இறங்கிடலாம், கிளிமெபிரைடுங்கற சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுத்தா இன்னும் கவனம். டைப் 1 சுகர் இருக்கற யாராவது இதைப் படிச்சா, தயவுசெஞ்சு, இன்சுலினை ஒரு நாள்கூட விடாதீங்க.

கேள்வி: அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய், ரெண்டாம் ஸ்டேஜ். ஆபரேஷன் பயத்துல "ஆறு மாசம் மூலிகை வைத்தியம் பாத்துட்டு அப்புறம் வரேன்"னு சொல்றா. எப்படிப் பேசறதுன்னு தெரியலை.

இந்தக் கடிதத்தைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் வேற வேலை ஓடலை எனக்கு. ரெண்டாம் ஸ்டேஜ்ங்கறது குணப்படுத்தற எண்ணத்தோடயே சிகிச்சை குடுக்கற கட்டம். அமெரிக்காவுல புற்றுநோய் வந்து மாற்று வைத்தியம் மட்டும் பாத்த 281 பேரை, அதே மாதிரி வியாதியோட வழக்கமான சிகிச்சை எடுத்தவங்களோட ஒப்பிட்ட ஆய்வு 2018-ல வந்துச்சு. மார்பகப் புற்றுநோய்ல அஞ்சு வருஷம் கழிச்சு உயிரோட இருந்தவங்க வழக்கமான சிகிச்சையில 86.6 சதவீதம், மாற்று வைத்தியத்துல 58.1 சதவீதம். அந்த மூலிகை நேரடியா கெடுதல் பண்ணினதுன்னுகூட இல்லை, அந்த நேரத்துல கட்டி பரவிடுது. பாதாம்கொட்டை மாதிரி இருக்கற ஆப்ரிகாட் விதையை "வைட்டமின் பி17"னு விக்கறாங்களே, அது நேரடியாவே கெடுதல், உடம்புக்குள்ள போய் சயனைடா மாறும்.

அக்காகிட்ட இந்த நம்பரை எடுத்த உடனே சொல்லாதீங்க. எதுக்குப் பயப்படறான்னு கேளுங்க, மார்பை முழுசா எடுத்துடுவாங்கன்னா, முடி கொட்டும்னா, வலியா, பிள்ளைங்களை யார் பாத்துப்பாங்கன்னா. ரெண்டாம் ஸ்டேஜ்ல நிறைய பேருக்கு மார்பை முழுசா எடுக்காம, கட்டியை மட்டும் எடுத்துட்டு கதிர்வீச்சு குடுக்க முடியும், கூட மருந்து வேணுமான்னு டாக்டர் சொல்லுவாங்க, அது அவளுக்குத் தெரியாமலே இருக்கலாம். மூலிகையை விட்டே ஆகணும்னு சண்டை போடாதீங்க, "சரி, எது எடுத்தாலும் புற்றுநோய் டாக்டர்கிட்ட காட்டிட்டு எடு, நானும் கூட வரேன்"னு சொல்லிப் பாருங்க, சிலது கீமோவோட ஒத்துப்போகாது, அதை அவர்தான் பாத்துச் சொல்லணும். பயாப்ஸி ரிப்போர்ட்டை எடுத்து, கட்டி எந்த வகைன்னு காட்டற ஈஆர், பிஆர், ஹெர்2-ன்னு மூணு இடத்துல என்ன எழுதியிருக்குன்னு பாத்து எனக்கு எழுதுங்க, எந்த சிகிச்சைக்கு என்ன பேர், என்ன கேள்வி கேக்கணும்னு தனியா பதில் போடறேன். ஆனா அதுக்காகக் காத்திருக்காதீங்க, அப்பாயின்ட்மென்ட்டை இந்த வாரமே வாங்கிடுங்க.