எக்ஸ் கிரேஷியா: கருணையா, உரிமையா?

கேள்வி: தீபாவளிக்கு எங்களுக்கு போனஸ் 8.33 சதவீதம், கருணைத் தொகை 11.67 சதவீதம் என்று பிரித்துப் போடுகிறார்கள். 20 சதவீதம் போனஸ் என்றே சொல்லிவிட்டால் என்ன?

கைக்கு வரும் பணம் ஒன்றுதான், ஆனால் அந்தப் பிரிப்பில்தான் விஷயமே இருக்கிறது. 8.33 என்பது பன்னிரண்டில் ஒரு பங்கு, சட்டம் சொல்லும் குறைந்தபட்ச போனஸ். அந்த வருஷம் லாபம் இல்லை என்று சொல்லி நிர்வாகம் அதை நிறுத்த முடியாது. மீதி 11.67-க்கு அந்தப் பிடி கிடையாது. அதைத்தான் எக்ஸ் கிரேஷியா என்கிறோம், அடுத்த வருஷமும் வேண்டுமென்றால் சங்கம் உட்கார்ந்து பேசித்தான் வாங்க வேண்டும்.

கேள்வி: இது லத்தீன் சொல்லா?

ஆமாம். 'எக்ஸ்' என்றால் ஒன்றிலிருந்து வெளியே வருவது, எக்ஸ் எம்.எல்.ஏ. என்கிறோமே, அந்த எக்ஸும் இதேதான். 'கிராத்தியா' என்றால் தயவு, நன்றி, விருப்பம். ஆக, 'தயவின் பேரில்' என்று பொருள். கொடுக்க வேண்டிய கடமை எதுவும் எனக்கு இல்லை, மனம் வைத்துக் கொடுக்கிறேன் என்பதுதான் இதன் சட்டப் பொருள். கருணைத் தொகை என்று தமிழில் வைத்தவர் மிகச் சரியாக வைத்திருக்கிறார்.

கேள்வி: அப்படியானால் வேலையை விட்டுப் போகும்போது தரும் கிராஜுவிட்டியும் (பணிக்கொடை) தயவுதானா?

வேர் அதேதான். ஒரு காலத்தில் முதலாளி விருப்பப்பட்டுக் கொடுத்ததுதான், அதனால்தான் அந்தப் பெயர். ஆனால் 1972-இல் சட்டம் வந்தபோது அது தொழிலாளியின் உரிமை ஆகிவிட்டது, பெயர் மட்டும் பழையபடி நின்றுவிட்டது. ஒரு வருஷத்துக்கு 15 நாள் சம்பளம், மாதத்துக்கு 26 நாள் என்று கணக்கு. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 26,000 ரூபாய், சர்வீஸ் 10 வருஷம் என்றால் 1,50,000 ரூபாய். இதை யாராவது "பார்த்துச் செய்கிறோம்" என்று சொன்னால் தலையாட்டிவிட்டு வராதீர்கள், எழுதிக் கேளுங்கள்.

கேள்வி: ரயில் விபத்தில் உறவினர் இறந்தார். ரயில்வே கொடுத்த பணத்தை வாங்கிவிட்டோம். இனி வழக்குப் போட முடியாதா?

தாராளமாகப் போடலாம். பல குடும்பங்கள் இந்த இடத்தில்தான் ஏமாந்து நிற்கின்றன, ஏனென்றால் செய்தியில் எல்லாவற்றையும் 'இழப்பீடு' என்றே எழுதிவிடுகிறார்கள். உடனடியாகக் கையில் கொடுப்பது கருணைத் தொகை. 2023 செப்டம்பரில் உயிரிழப்புக்கு அதை 50,000-இலிருந்து 5 லட்சமாக உயர்த்தினார்கள். இழப்பீடு என்பது வேறு. 1989 ரயில்வே சட்டப்படி ரயில்வே உரிமைத் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டு வாங்க வேண்டியது, உயிரிழப்புக்கு 8 லட்சம். ஒன்றை வாங்கியதால் மற்றது போய்விடாது. விபத்து நடந்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் மனுவைப் போட்டுவிடுங்கள்.

கேள்வி: க்ளெய்மை நிராகரித்த இன்சூரன்ஸ் கம்பெனி, இப்போது எக்ஸ் கிரேஷியாவாகக் கொஞ்சம் தருகிறேன் என்கிறது. வாங்கலாமா?

முதலில் அவர்கள் நீட்டும் தாளைப் படியுங்கள். 'பொறுப்பை ஏற்காமல்' என்று ஒரு வரி இருக்கும், அது இந்த வகைப் பணத்தோடு வழக்கமாக வருவதுதான். அதற்குக் கீழே 'முழுமையான, இறுதியான தீர்வாக ஏற்கிறேன்' என்று இருந்தால் மட்டும் பேனாவைக் கீழே வையுங்கள், ஏனென்றால் கையெழுத்துப் போட்ட பிறகு பாக்கியைக் கேட்டுப் போராடுவது ரொம்பவே கஷ்டம்.