தரம் 4 பிள்ளைக்கு 400 வருடம் எப்படி விளங்கும்?

கேள்வி: திருகோணமலையில் தரம் 4 படிப்பிக்கிறேன். சுற்றாடல் பாடத்தில் ஊரின் பழைய கதையைத் தொட்டால், "போர்த்துக்கேயர் வரேக்க எங்கட அம்மம்மா இருந்தாவா?" என்று கேட்கிறார்கள். ஆண்டுகளைப் பாடமாக்கி ஒப்புவிக்கிறார்கள், ஆனால் விளங்கவில்லை. இராவணன் வாளால் வெட்டியதாகச் சொல்லும் கோணமலைப் பாறைப் பிளவு, இராவணன் வெட்டு பற்றிக் கேட்டால் என்ன சொல்ல?

பதில்: தங்கச்சி, அம்மம்மாவைக் கேட்ட பிள்ளை சரியாகத்தான் யோசிக்கிறது. அதற்குத் தெரிந்த பழைய காலம் அம்மம்மாதான், அங்கேயிருந்துதான் அது அளக்கும். நீங்களும் அங்கேயே தொடங்குங்கள்.

நீளமான சணல் கயிறு ஒன்று எடுங்கள். ஒரு வருடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர், இந்த நுனி இன்று. பிள்ளை பிறந்தது 9 சென்ரிமீற்றரில், 2004 சுனாமி நுனியிலிருந்து ஒரு சாண் தள்ளி, அப்புறம் அம்மம்மா. ஜப்பான் விமானங்கள் நமது துறைமுகத்தில் குண்டு போட்ட 1942 ஏப்ரல், அவவுக்கும் கொஞ்சம் அப்பால். ஆங்கிலேயர் நமது பிரெட்ரிக் கோட்டையைப் பிடித்த 1795க்கு இரண்டு மீற்றருக்கு மேல் நடக்கவேண்டும், போர்த்துக்கேயர் அதைக் கட்டிய 1620களுக்கு நாலு மீற்றர். சம்பந்தர் கோணமலையைப் பாடிய ஏழாம் நூற்றாண்டுக்குப் போனால் கயிறு வகுப்பை விட்டு விறாந்தைக்குப் போய்விடும், பிள்ளைகளும் பின்னாலேயே ஓடுவார்கள், ஓடட்டும். தரம் 6இல் வரலாறு தனிப்பாடமாக வரும்போது அந்தத் தூரம் காலில் இருக்கும்.

பிறகு கோட்டைக்குக் கூட்டிப் போங்கள். மான்களைப் பார்த்துவிட்டு வருவதோடு முடிக்காமல், வாசல் கல்லில் செதுக்கியிருக்கும் மீன்களுக்கு முன்னால் நிறுத்தி, எதையும் சொல்லாமல் கேளுங்கள்: பறங்கி கட்டின கோட்டையில் மீன் ஏன் வந்தது? ஒருவன் கடலைச் சொல்வான், இன்னொருத்தி கல் வேறு எங்கேயோ இருந்து வந்திருக்கும் என்பாள். அந்தப் பிள்ளையைப் பிடித்துக்கொள்ளுங்கள். இடித்த கோணேசர் கோயிலின் கற்களைப் போர்த்துக்கேயர் கோட்டைக்குப் போட்டதும், கயல் பாண்டியரின் சின்னம் என்பதும் அதற்குப் பிறகு சொன்னால் போதும்.

இராவணன் வெட்டைக் கேட்டால் மழுப்பவும் வேண்டாம், பிள்ளையின் நம்பிக்கையை உடைக்கவும் வேண்டாம். "இது நமது ஆட்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்த கதை, அது கல்லில் நாங்களே பார்த்தது" என்று பிரித்துச் சொல்லுங்கள். எட்டு ஒன்பது வயதுக்கு அந்த வித்தியாசம் நன்றாகவே பிடிபடும். எதைச் சொன்னாலும் "எப்படித் தெரியும் ரீச்சர்?" என்று கேட்கப் பழகிவிட்டால் நீங்கள் வென்றமாதிரி.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு வரச் சொல்லும்போது பழைய சந்தை, முதல் பாடசாலை, ரயில் பயணம் என்று கேட்கச் சொல்லுங்கள். யுத்தத்தில் யாரை இழந்தீர்கள் என்று எந்தப் பிள்ளையையும் கேட்கவிடாதீர்கள், தமிழ்ப் பிள்ளையோ முஸ்லிம் பிள்ளையோ. தானாகச் சொன்னால் இருந்து கேளுங்கள், கொப்பியில் எழுதவைக்காதீர்கள், புள்ளியும் போடாதீர்கள்.