மார்பில் கட்டி: காரைக்குடிப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

செட்டிநாட்டு ஊர்களிலிருந்து பெண்கள் கேட்டவற்றுக்கு அறுவை சிகிச்சை மருத்துவர் ஒருவரின் பதில்கள்.

காரைக்குடி, வயது 21: விடுதியில் தங்கிப் படிக்கிறேன். இடது மார்பில் கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி. தொட்டால் நழுவுகிறது, வலி இல்லை. அம்மாவிடம் சொல்லப் பயமாக இருக்கிறது, டாக்டர்.

இன்றைக்கே சொல்லிவிடும்மா. உன் வயதில் இப்படி நழுவும் கட்டி பெரும்பாலும் ஃபைப்ரோஅடினோமாதான். பால் சுரப்பியும் நார்த்திசுவும் சேர்ந்து வளர்வது, புற்றுநோய் இல்லை. ஆனாலும் கையால் தொட்டதோடு விடக்கூடாது, அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்க வேண்டும். இளவயதில் மார்புத் திசு அடர்த்தியாக இருப்பதால் மேமோகிராமில், அதாவது மார்பக எக்ஸ்ரேயில், சரியாகத் தெரியாது. சந்தேகம் இருந்தால் ஊசி டெஸ்ட், அதாவது ஊசியால் கொஞ்சம் திசு எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி. சிறியதாக, ஸ்கேனிலும் நல்லவிதமாகத் தெரிந்தால் அப்படியே விட்டுக் கவனித்து வரலாம். மளமளவென்று பெரிதானால் எடுத்துவிடுவோம், ஃபில்லோட்ஸ் என்ற வேறு கட்டியும் தொடக்கத்தில் இப்படித்தான் இருக்கும்.

தேவகோட்டை, வயது 38: மாதவிலக்குக்கு முந்தைய வாரம் இரண்டு மார்பும் கனத்து வலிக்கின்றன. புற்றுநோயா?

இல்லை, ஹார்மோன் ஏற்ற இறக்கம். விலக்கு வந்ததும் குறைந்துவிடும். நன்றாகத் தாங்கும் உள்ளாடை போடுங்கள். விலக்கு முடிந்த பிறகும் ஒரே இடத்தில் கட்டி நின்றால் வந்து காட்டுங்கள். நீர்க்கட்டியாக இருந்தால் ஊசியால் நீரை எடுத்துவிடலாம்.

பள்ளத்தூர்: குழந்தைக்கு 2 மாதம். ஒரு மார்பு சிவந்து, காய்ச்சலும் இருக்கிறது. பால் கொடுப்பதை நிறுத்தச் சொல்கிறார்கள்.

நிறுத்தாதீர்கள். பால் தேங்கினால் இன்னும் மோசமாகும். உடனே டாக்டரைப் பாருங்கள், ஆன்டிபயாடிக் தேவைப்படலாம். சீழ் கட்டியிருந்தால் அதை எடுக்க வேண்டும். சில நாள் மருந்து சாப்பிட்டும் சிவப்பு குறையவில்லையென்றால் ஸ்கேன் கட்டாயம். அரிதாக, ஒரு வகைப் புற்றுநோயும் மார்பு சிவந்து வீங்கியே தொடங்கும்.

கானாடுகாத்தான்: எங்கள் அப்பத்தாவுக்கு 66 வயது. வலது மார்பில் கெட்டியாக ஒன்று இருக்கிறது. "வலிக்கவே இல்லையே, எதுக்கு ஆஸ்பத்திரி" என்கிறார். ஊசி குத்தினால் நோய் பரவும் என்றும் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

வலி இல்லை என்று பேசாமல் இருந்துவிடுவதுதான் எனக்குப் பெரிய கவலை. மார்புப் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. வலி வந்த பிறகு போகலாம் என்று காத்திருப்பவர்கள் குணப்படுத்தக்கூடிய காலத்தைத் தவற விடுகிறார்கள்.

மாதவிலக்கு நின்ற பிறகு புதிதாக ஒரு கட்டி வந்தால், வேறென்று நிரூபணம் ஆகும்வரை புற்றுநோயாக இருக்கலாம் என்றே எண்ணிச் சோதிப்போம். கல்லுப்போல, ஓரம் ஒழுங்கில்லாமல், நகராமல் இருக்கிறதா? மேல்தோல் சாத்துக்குடித் தோல் மாதிரி குழிகுழியாகத் தெரிகிறதா? காம்பு புதிதாக உள்ளே இழுத்திருக்கிறதா? அக்குளில் நெறி கட்டியிருக்கிறதா? இவற்றில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் அழைத்துப் போங்கள். டாக்டர் தொட்டுப் பார்ப்பது, மேமோகிராமும் ஸ்கேனும், ஊசி பயாப்ஸி ஆகிய மூன்றும் ஒத்துப்போனால்தான் நாங்களே முடிவு சொல்வோம். ஊசியால் நோய் பரவுகிறது என்ற பேச்சால் சிகிச்சை தள்ளிப்போவதுதான் மிச்சம். பயாப்ஸி இல்லாமல் எந்த மருந்து என்றுகூடத் தீர்மானிக்க முடியாது.

அப்பத்தாவிடம் முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றிச் சொல்லுங்கள். நம் பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்தவர். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தில்தான் 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை உருவாக்கினார். செலவை நினைத்துத் தயங்கினால், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பாருங்கள், புற்றுநோய் சிகிச்சைக்கும் உதவும்.

காரைக்குடி, வயது 45: காம்பில் கசிவு இருக்கிறது. எது ஆபத்து?

அழுத்தினால் மட்டும், இரண்டு பக்கமும், பல துளைகளிலிருந்து பச்சையாகவோ பால் போலவோ வந்தால் பெரும்பாலும் சாதாரணம். தானாக, ஒரே பக்கம், ஒரே துளையிலிருந்து இரத்தமாகவோ தண்ணீர் போலவோ வந்தால் தாமதிக்காமல் காட்டுங்கள். பால் குழாய்க்குள் வளரும் பாப்பிலோமா என்ற சாதுவான கட்டிதான் பல நேரம் காரணம், ஆனால் புற்றுநோய் இல்லை என்று சோதித்த பிறகுதான் அப்படிச் சொல்ல முடியும்.