இரண்டு நோட்டு வையுங்கள்

கேள்வி: மாவட்ட அரசு மருத்துவமனை ஐசியூவில் ஆறு வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். படிக்கும்போது கவிதை எழுதுவேன். இப்போது நைட் டூட்டி முடிந்து வந்தால் இறந்துபோனவர்களின் முகம்தான் கண்ணில் நிற்கிறது. எழுதினால் மனம் ஆறும் என்கிறார்கள். எனக்கோ எழுதிய அன்றெல்லாம் அழுகைதான் வருகிறது. நோயாளிகளை வைத்துக் கதை எழுதலாமா? வேலையை விட்டுவிடலாமா? நோட்டை வீட்டில் யாராவது படித்துவிடுவார்களோ என்றும் பயம்.
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: அன்புச் சகோதரிக்கு,

அழுகை வருகிறதே என்று எழுதுவதை நிறுத்திவிடாதீர்கள். 1986இல் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் கல்லூரி மாணவர்களை, தொடர்ந்து நான்கு நாள், தினம் 15 நிமிடம், தங்களை உலுக்கிய அனுபவத்தை எழுதச் சொன்னார்கள். எழுதி முடித்த கையோடு அவர்கள் மனம் கனத்துத்தான் போனது. ஆனால் அடுத்த ஆறு மாதத்தில், நடந்ததையும் அதனால் எழுந்த உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் டாக்டரிடம் போனது மற்றவர்களைவிடக் குறைவு. பின்னால் வந்த ஆய்வுகளில் பலன் சிறியதாகவே தெரிந்தது. இது சிகிச்சைக்கு மாற்று இல்லை, ஒரு துணை மட்டும்தான்.

டூட்டி முடிந்து வந்த உடனே எழுதாதீர்கள். தூங்கி எழுந்து, சாப்பிட்டு, மாலையில் உட்காருங்கள். நைட் வாரம் முடிந்து ஆஃப் வரும்போது தொடங்கினால் நான்கு நாள் விடாமல் எழுத வசதி. 15 நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். பிழை பார்க்க வேண்டாம், அழகும் வேண்டாம். முடித்ததும் கால் மணி நேரம் சும்மா இருங்கள். உடனே ஸ்கூட்டரை எடுக்க வேண்டாம். நேற்று நடந்த மரணத்தையும் இன்றே எழுத உட்கார வேண்டாம். சில வாரம் போகட்டும்.

நான்காம் நாள் எழுதியதும் முதல் நாள் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். 'ஏன்', 'அதனால்தான்', 'இப்போது புரிகிறது' மாதிரியான சொற்கள் கூடியிருந்தால் நல்ல அறிகுறி. பலன் கண்டவர்களின் எழுத்தில் இப்படிப்பட்ட சொற்கள் நாளுக்கு நாள் கூடியதை பென்னிபேக்கர் குழுவினர் கவனித்தார்கள். மாறாக, 'நான் இன்னும் சீக்கிரம் பார்த்திருக்கணும்' என்ற ஒரே வரி நாலு நாளும் சுற்றிச் சுற்றி வந்தால், அது புண்ணைக் கிளறுவது. அந்தச் சம்பவத்தை அத்தோடு மூடிவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டாலோ, வீட்டிலும் மானிட்டர் அலாரம் காதில் கேட்டாலோ 14416க்கு அழையுங்கள். டெலி மானஸ், மத்திய அரசின் இலவச மனநல உதவி எண். நர்ஸ் போய் உதவி கேட்பதா என்று தயங்க வேண்டாம்.

இதெல்லாம் முதல் நோட்டு. கதைக்கு வேறு நோட்டு. இரண்டையும் கலப்பதில்தான் பலருக்கும் தவறு நடக்கிறது. ஆறாத காயத்தை அப்படியே கதையாக்கினால் கதையும் நிற்காது, காயமும் ஆறாது.

கேஸ் ஷீட்டில் நீங்கள் எழுதுவது இப்படி இருக்கும்: '2.40 சிபிஆர் தொடக்கம். 3.10 மரணம் அறிவிக்கப்பட்டது. நகைகள் உறவினரிடம் ஒப்படைப்பு, கையெழுத்து பெறப்பட்டது.' கதை அந்த மூன்றாவது வரிக்குள் இருக்கிறது. வீங்கிய விரலிலிருந்து மெட்டி வரவில்லை. சோப்புத் தண்ணீர் விட்டு மெல்லச் சுழற்றிச் சுழற்றிக் கழற்றியிருப்பீர்கள். வலிக்குமோ என்று கை ஒரு கணம் தயங்கியிருக்கும். அந்தத் தயக்கத்துக்கு கேஸ் ஷீட்டில் இடமில்லை. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவர் ரீட்டா சாரன் தன் மாணவர்களுக்கு இதற்கென்றே 'இணைக் குறிப்பேடு' என்ற பழக்கத்தைக் கொண்டுவந்தார். ஆஸ்பத்திரிப் பதிவில் எழுத முடியாததை, எங்காவது எழுதியே ஆக வேண்டியதை, சாதாரண மொழியில் எழுதுவது.

நோயாளியைக் கதையில் கொண்டுவரலாம், ஆள் தெரியக் கூடாது. பெயரை மட்டும் மாற்றினால் போதாது. சின்ன ஊரில் நோய், தெரு, மாதம் மூன்றும் சேர்ந்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். வயது, தொழில், ஊர், பருவம் எல்லாவற்றையும் மாற்றுங்கள், இரண்டு மூன்று பேரை ஒருவராக்குங்கள். அவர் மகள் படித்தால் 'இது எங்கம்மா' என்பாளா என்று கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால் அச்சுக்கு அனுப்பாதீர்கள். எச்ஐவி, மனநோய், குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் இவற்றில் அடையாளத்தை வெளியிடுவதைச் சட்டமே தடுக்கிறது. எம்எல்சி, அதாவது போலீஸ் விசாரணை சம்பந்தப்பட்ட கேஸ்களைத் தொடவே வேண்டாம். நோட்டில் ஐபி நம்பர் (உள்நோயாளி எண்) கூடாது, கேஸ் ஷீட்டைப் படம் எடுக்கக் கூடாது, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு வரிகூடக் கூடாது. அரசு ஊழியர் என்பதால், வெளியிடும் முன் நடத்தை விதிகளை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலையை விடாதீர்கள் என்றுதான் சொல்வோம். அமெரிக்கக் கவிஞர் வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ் நியூ ஜெர்சியின் ரதர்ஃபோர்டில் நாற்பது வருடம் வைத்தியம் பார்த்துக்கொண்டே, மருந்துச் சீட்டின் தாளில் கவிதை எழுதினார். 1892 காலரா சமயத்தில், டாக்டராகவும் இருந்த ரஷ்ய எழுத்தாளர் செக்கோவ் 25 கிராமங்களைச் சம்பளமில்லாமல் கவனித்தார். இலக்கியத்தை நினைக்கக்கூட அப்போது நேரமில்லை என்று கடிதத்தில் எழுதியிருக்கிறார். உங்களுக்கும் எழுத முடியாத மாதங்கள் வரும். அந்த மாதங்களில் ஆஃப் நாளுக்கு ஐந்து வரி போதும்.

வீட்டில் படித்துவிடுவார்களோ என்ற பயத்துக்கு வழி எளிது. முதல் நோட்டைப் பாதுகாக்க வேண்டிய அவசியமே இல்லை. எழுதும்போதே பலன் கிடைத்துவிடுகிறது. நான்காம் நாள் படித்துப் பார்த்து, பிடித்த ஒன்றிரண்டு வரியை இரண்டாம் நோட்டில் எடுத்து எழுதிக்கொண்டு, மீதிப் பக்கங்களைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.