ரிப்போர்ட் சரி, ஆனாலும் மாரடைப்பு: பரம்பரையா?

கேள்வி: ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். வயது 36. அப்பா 48 வயதில் மாரடைப்பில் போய்விட்டார். போன மாதம் 41 வயது அண்ணனுக்கும் வந்தது. அண்ணனுக்குச் சிகரெட் இல்லை, சீனி வருத்தம் இல்லை, மெலிந்த உடம்பு. கொலஸ்ட்ரோலும் சரி என்றார்கள். எனக்கும் பிள்ளைகளுக்கும் வருமா?

பதில்: தங்கச்சி, அண்ணனின் அந்த ரிப்போர்ட் எப்போது எடுத்தது என்று முதலில் பாருங்கள். மாரடைப்பு வந்து ஓரிரு நாள் கழித்து எடுத்த இரத்தத்தில் எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ரோல் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். அதை நம்பி ஆறுதல் அடைய முடியாது.

அடுத்தது, வழக்கமான லிப்பிட் ரிப்போர்ட்டில் வராத ஒன்று இருக்கிறது: எல்பி-லிட்டில்-ஏ. எல்.டி.எல். துகளோடு இன்னொரு புரதம் ஒட்டியிருப்பதுதான் இது. இது கூடினால் மாரடைப்பு ஆபத்தும் கூடும். இதன் அளவைப் பெரும்பாலும் 6ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவே தீர்மானிக்கிறது. அந்த மரபணுவில் ஒரே துண்டு திரும்பத் திரும்ப வரும்; எத்தனை தடவை என்பது ஆளுக்கு ஆள் வேறு. குறைவாக வந்தால் புரதம் சின்னதாகும், ஈரல் அதை அதிகமாக இரத்தத்தில் விடும். அதனால்தான் நாள் முழுக்க மலை ஏறி இறங்குபவருக்கும் இது கூடியிருக்கலாம். ரொட்டியையும் தேங்காய்ச் சம்பலையும் குறைத்தாலும் இது இறங்காது. உலகில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இது டெசிலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல்.

முதலில் அண்ணன் கிளினிக் போகும்போது இதைக் கேட்கட்டும்; டொக்டர் தனியாக எழுதித் தர வேண்டும். அவருக்குக் கூடியிருந்தால் நீங்களும் பாருங்கள். உங்களுக்கும் இருக்கலாம், கட்டாயம் இல்லை. வாழ்நாளில் ஒரு தடவை போதும், பட்டினி கிடக்கத் தேவையில்லை. பிள்ளைகளைப் பற்றி உங்கள் முடிவு வந்த பிறகு யோசிக்கலாம்.

ஸ்டேட்டின் குளிசை இதைக் குறைக்காது. ஆனாலும் அண்ணன் அதை நிறுத்தவே கூடாது, எல்.டி.எல்லைக் குறைத்து இதயத்தைக் காப்பது அதுதான். உங்களுக்கும் அப்படித்தான்: பரம்பரையை மாற்ற முடியாது, மற்றதை எல்லாம் மாற்றலாம். பிரஷர், சீனி, எல்.டி.எல். மூன்றையும் பாருங்கள். வெற்றிலையோடு புகையிலை போடுகிறீர்களா? அப்படியானால் இன்றே விடுங்கள், இதயத்துக்கு அதுவும் கேடுதான்.

அப்புறம், மேட்டில் ஏறும்போது நெஞ்சு இறுகினால், தாடைக்கோ இடது கைக்கோ வலி ஓடினால் கேஸ் என்று இஞ்சித் தண்ணீர் குடித்துக் காத்திருக்காதீர்கள். 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.