திமிங்கலத்தைக் காக்க ட்ரோன் வாங்கலாமா?

காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய் ஆலை நடத்தும் வாசகர் ஒருவரின் கேள்வி: "எங்கள் நிறுவனத்தின் சி.எஸ்.ஆர். (நிறுவனச் சமூகப் பொறுப்பு) நிதியில் ஒரு பகுதியை, தமிழகக் கடலில் திமிங்கலங்கள் குட்டி ஈனும் இடங்களைக் காக்கக் கொடுக்க விரும்புகிறோம். எங்களை அணுகிய அமைப்பு ட்ரோனும் ரோந்துப் படகும் வாங்கித் தரச் சொல்கிறது. கடலையே அறியாத நாங்கள் என்ன செய்வது?"

சட்டத்தைப் பொறுத்தவரை சிக்கல் இல்லை. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 135-ஆம் பிரிவில், ஆலை இருக்கும் பகுதிக்கு முன்னுரிமை தரச் சொல்கிறதே தவிர வெளியே செலவிடுவதைத் தடுக்கவில்லை. விலங்குகளைப் பாதுகாப்பதும், சி.எஸ்.ஆர். பணிகளைப் பட்டியலிடும் அதன் ஏழாம் அட்டவணையில் உள்ள பணிதான். பணம் பெறும் அமைப்பு சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிவு பெற்றிருக்கிறதா என்பதை மட்டும் உங்கள் ஆடிட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ட்ரோன் விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். திமிங்கலங்களின் ஈனுமிடம் நன்றாகக் காக்கப்பட்டதற்கு உலகம் காட்டும் எடுத்துக்காட்டு, மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாவில் உள்ள சான் இக்னாசியோ என்னும் காயல். வடக்கே ஆர்க்டிக்கை ஒட்டிய கடலில் இரை தேடும் சாம்பல் திமிங்கலங்கள் குளிர்காலத்தில் அங்கு வந்து குட்டி ஈனுகின்றன. 1988-இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் 1993-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாகவும் அறிவிக்கப்பட்ட பிறகும், மெக்சிகோ அரசும் மிட்சுபிஷி நிறுவனமும் கூட்டாக அங்கே பெரிய உப்பளம் அமைக்க முனைந்தன. கடும் எதிர்ப்புக்குப் பின் 2000-இல்தான் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. இன்று அந்தக் காயலின் மீனவர்கள் திமிங்கலப் பருவத்தில் பார்வையாளர்களைப் படகில் அழைத்துச் செல்கிறார்கள்; ஒரே நேரத்தில் எத்தனை படகுகள் நெருங்கலாம் என்பதற்கு வரம்பும் உண்டு. திமிங்கலம் வராமல் போனால் முதலில் நட்டப்படுபவர்கள் அவர்களே என்பதால், அந்த ஏற்பாடு நிலைத்திருக்கிறது.

இதை அப்படியே நம் கரைக்குக் கொண்டுவர இயலாது. கரையை ஒட்டிய காயலில் ஆண்டுதோறும் திமிங்கலங்கள் கூடும் இடம் தமிழகத்தில் இல்லை. 2016 ஜனவரியில் மணப்பாடு, திருச்செந்தூர் கரையில் 80-க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கியபோது உள்ளூர் மீனவர்கள் பலவற்றைக் கடலுக்குள் இழுத்து விட்டார்கள். அவற்றில் சில மீண்டும் கரைக்கே வந்தன. அத்தகைய நேரத்துக்கான பயிற்சிக்கு உதவலாம். ஆனால் உங்கள் நிதியின் பெரும்பகுதி, எல்லை வகுக்கப்பட்ட ஒரு வாழிடத்துக்குப் போவதே நல்லது என்பது என் கருத்து. அது பாக் விரிகுடாவில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கரையோரமாக 448 சதுர கிலோமீட்டரில் 2022 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட கடற்பசுப் பாதுகாப்பகம். கடற்பசு திமிங்கலம் அன்று. ஆயினும் திமிங்கலத்தைப் போலவே நுரையீரலால் மூச்சுவிட்டு, பல ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒரே ஒரு குட்டி ஈன்று பாலூட்டும் கடல்விலங்கு.

அது மேய்வது கடற்புல். உங்கள் ஊரில் கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தைக் கிளுவைச் செடியால் வேலி போட்டு, மாறி மாறி மேய்த்துக் காப்பாற்றி வருபவர் அதில் மாடு வளர்ப்பவர்தானே. கடற்புல் வெளிக்கும் அப்படியே, அங்கே வலை விரிப்பவர்தான் காவலர். திருக்கை வலை போன்ற பெருங்கண் வலையில் சிக்கிய கடற்பசு, மேலே வர முடியாமல் சில நிமிடங்களில் மூச்சுத் திணறி இறந்துவிடும். ட்ரோன் அதைப் பார்த்தாலும் வலையை அறுக்காது. உயிரோடு இருக்கும்போதே மீனவர் கண்ணில் பட்டால், அவர் வலையை அறுத்துவிட வேண்டும். அத்துடன் அன்றைய மீனும் வலையும் போயிற்று. இறந்த பிறகு பார்த்தாலோ, வழக்கு வருமோ என்ற அச்சத்தில் வெளியே சொல்லத் தயங்குவார்.

ஆகவே இரண்டு செலவுகளை முன்வையுங்கள். முதலாவது, அறுத்த வலைக்கு ஈடு. குஜராத்தில் திமிங்கலச் சுறா என்னும் பெரிய சுறா மீனுக்காக 2004 முதல் நடந்துவரும் திட்டத்தில், சுறாவை விடுவித்த மீனவர்கள் தாங்களே எடுத்த படங்களைக் காட்டி வனத்துறையிடம் வலைக்கான தொகை பெறுகிறார்கள். நூற்றுக்கணக்கான சுறாக்கள் அவ்வாறு கடலுக்குத் திரும்பியுள்ளன. தமிழகத்திலும் கடற்பசுவை விடுவிப்பவர்களுக்கு வனத்துறை வெகுமதி அளித்து வருவதால், உங்கள் பணம் அதனோடு மோதாமல் அதன் குறையை நிரப்பும்படி, வனத்துறையின் ஒப்புதலுடன் திட்டமிட வேண்டும். தொகை சில நாட்களுக்குள் கைக்கு வராவிட்டால் அடுத்த முறை யாரும் வலையை அறுக்க மாட்டார்கள். இரண்டாவது, அடர்ந்த கடற்புல் மேல் பெருங்கண் வலை விரிப்பதில்லை என்று ஊர்க் கமிட்டி தானாக முடிவெடுத்தால், அதனால் வருமானம் இழக்கும் நாட்டுப்படகுக் குடும்பங்களுக்கான மாற்று ஏற்பாடு. இது கடினமானது, அவர்களோடு உட்கார்ந்து பேசாமல் தொகையை எழுதிக்கொண்டு போகாதீர்கள்.

ஓராண்டுத் திட்டம் வேண்டாம். 'தொடர் திட்டம்' என்று இயக்குநர் குழு தீர்மானித்தால், தொடங்கும் நிதியாண்டைத் தவிர்த்து மேலும் மூன்று ஆண்டுகள் வரை நடத்தலாம். அந்தந்த ஆண்டில் செலவாகாத தொகையை நிதியாண்டு முடிந்த 30 நாட்களுக்குள் தனி வங்கிக் கணக்கில் போட வேண்டும்.

ட்ரோனை முற்றாக ஒதுக்க வேண்டியதில்லை. தெளிந்த நீர் உள்ள பருவத்தில் கடற்புல் பரப்பை வரைபடமாக்க அது உதவும். அதற்கு ஆண்டுக்கு ஒரு முறை வாடகைக்கு எடுத்தாலே போதும்.